மாதவிலக்கு: உடம்பு ஒன்று, கஷ்டம் வேறு வேறு



“அது பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கென்ன?” என்று கேட்கும் கணவரா நீங்கள்? உங்களுக்காகத்தான் இது.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று மொழி பேசுகிறோம். தமிழில் ‘தூரம்’, கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘முட்டு’. பேச்சு வேறானாலும் உடம்பு ஒன்றே. கருவைத் தாங்கக் கருப்பைக்குள் மாதந்தோறும் ஒரு மெத்தை தயாராகிறது. கரு தங்காவிட்டால் அது இரத்தத்தோடு வெளியேறுகிறது. இது கெட்ட இரத்தமும் அல்ல, தீட்டும் அல்ல.

ஆனால் கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அஞ்செட்டி மலைக் கிராமத்துப் பெண்ணுக்குத் தண்ணீரும் மறைவிடமும் கவலை. ரோஜாத் தோட்டக் கூலிக்காரிக்கு ஒருநாள் படுத்தால் கூலி போச்சு. சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவளுக்கு வேலையை விட்டு எழுந்து கழிப்பறை போகவே தயக்கம். கர்நாடக அரசு 2025-இல் பெண் தொழிலாளருக்கு மாதம் ஒருநாள் சம்பளத்துடன் விடுப்பு என்று ஆணையிட்டது. அட்டிபெலே தாண்டி இந்தப் பக்கம் அந்த ஆணை செல்லாது. நம் அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் இலவசம். இருபது தாண்டிய மருமகளுக்கு யார் வாங்கித் தருவது?

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஒதுக்கி வைக்காதீங்க. நேபாளத்தில் குடிசையில் ஒதுக்கப்பட்ட பெண்கள் பாம்பு கடித்தும் புகையில் மூச்சடைத்தும் இறந்தார்கள். 2017-இல் அங்கே அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

2. நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவும். துணியானால் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தவும். மூலையில் ஒளித்து வைத்தால் ஈரம் காயாது.

3. வலிக்குப் பேர் தெரியாத மாத்திரை வேண்டாம். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் அப்படிக் கொடுத்தது 2019-இல் வெளியே வந்தது. அட்டையில் பெயரும் தேதியும் பார்த்த பிறகே விழுங்கவும்.

4. களியோடு கீரைக் கடைசல் சேருங்கள். நர்ஸ் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்.

5. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, நாள் தள்ளிப்போனாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே இருவரும் சேர்ந்து போங்கள். சந்தேகம் கேட்க 104.

கணவன்மார்களே! அடுத்த சந்தைக்குப் போகும்போது, “உனக்கு என்ன வாங்கி வரட்டும்?” என்று கேளுங்கள். நாப்கின் பாக்கெட்டையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மனைவியின் நலமே குடும்பத்தின் பலம்!