புகை கூறும் செய்தி

புகையைக் கண்ட வழி நெருப்புண்டெனத் துணிதலை அளவை நூலார் கருதலளவைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஏட்டில் யாம் பயின்ற இவ்வளவை வயலிலும் பயன்படுவதேயாம்.

ஜேடர்பாளையத்திற் காவிரியின் படுகையணையினின்று ராஜ வாய்க்கால் பிரிகின்றது. அதன் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளைகின்றன. ஆங்கு நடவுக்குமுன் சேறு கலக்க, எருதுகட்குப் பதிலாகப் பவர் டில்லரை வயலில் இறக்குவோர் உளர். அதன் சுழற்கத்தி கல்லிலேனும் தென்னை வேரிலேனும் மோதுமாயின், எஞ்சின் திடீரென நின்றுவிடும். மீண்டும் முடுக்கின் புகை கக்குதலும் உண்டு. தண்ணீர் முறை கழிந்துவிடுமே என்னும் பதற்றத்தால் உழவர் மேன்மேலும் முடுக்குவர். சிறுபழுது பெரும்பழுதாவது அப்பொழுதேயாம்.

முதற்கண், புகை எழும் இடத்தை நோக்குக. ரப்பர் கருகும் நாற்றத்தோடு பக்கத்தே புகையின், பெல்ட் வழுக்கியதென்க. கத்தியிற் சிக்கியதை நீக்கிப் பெல்ட்டைச் சீர்செய்தல் வேண்டும். சூடேறிய சைலன்சர்மேற் சிந்திய எண்ணெயும் புகையும். சைலன்சரின் வாயினின்று வருவதே எஞ்சினின் உட்புகை.

அடுத்து, அப்புகையின் நிறத்தை ஆராய்க. கரும்புகை, காற்றுக் குறைந்து டீசல் அரைகுறையாய் எரிதலைக் காட்டும். காற்று வடிகட்டியின் அடைப்பும், மிகுந்த சுமையும் இதற்குக் காரணமாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிதலைக் காட்டும். வண்டி சாய்ந்தமையால் ஆயில் சிலிண்டருட் சென்றிருப்பின், சிறிது நேரத்திற் புகை தெளியும். தெளியாவிடின், ஆயில் அளவு மிகுந்ததோ, பிஸ்டன் ரிங் தேய்ந்ததோ எனப் பார்த்தல் வேண்டும். வெண்புகை, எரியாத டீசலாகவேனும் நீராவியாகவேனும் இருத்தல் கூடும். பன்முறை முடுக்கியதாற் டீசல் தேங்கியிருப்பின், எஞ்சின் சூடேறியதும் அது மறையும். புகை நீடித்து, குளிர்விக்கும் தண்ணீரும் குறைந்துவரின், கேஸ்கட்டிற் கசிவுண்டெனக் கருதலாம். ஆயில் பால்போல் வெளுத்திருத்தல் நீர் கலந்ததற்குச் சான்று.

மூன்றாவதாக, எஞ்சின் தடையின்றிச் சுழல்கின்றதா எனக் காண்க. சூடு ஆறிய பின்னர், டீசலை அடைத்து, கிளட்சை விடுவித்து, கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். சுழலாவிடின் வலிந்து முடுக்கலாகாது. காற்றைப்போல் நீர் அமுங்காது. ஆகலின் சிலிண்டரில் நீர் புகுந்திருப்பின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்ந்த நீரை ஊற்றுதலுந் தகாது. இரும்பு விரிசல் விடக்கூடும்.

மேனாட்டார் ஏறி ஓட்டும் புல்வெட்டும் வண்டியில் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினே உண்டு. மோதலால் அதன் ஃப்ளைவீலைப் பிணைக்கும் சிறு சாவி அறுமாயின், தீப்பொறி எழும் காலம் பிறழ்ந்துவிடும். ருடால்ஃப் டீசல் என்பார் 1897இல் இயக்கிக் காட்டிய வகை எஞ்சினோ, அமுக்கத்தால் எழும் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றச்செய்வது, தீப்பொறி வேண்டாதது. ஆதலின் அவ்வையம் நம் டில்லருக்கு எழாது.

இடம், நிறம், சுழற்சி என்னும் இம்மூன்றையும் தேர்ந்த பின்னரே மீண்டும் முடுக்குதல் முறை. அதற்கெனச் செலவிடும் அரைமணி நேரம், உழவர்க்கு ஒரு போகத்தையே காத்துத் தருதல் கூடும் என்பது எம் துணிபு.