கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்

கொச்சி நகரின் இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் தாய் ஒருவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பு மகனின் கிளாஸ் பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகிறார். கடைசி பெஞ்சில் உட்காருகிறார். டீச்சர் மலையாளத்தில் வேகமாகப் பேசிக்கொண்டே போகிறார். நோட்டு சுற்றி வருகிறது. பெயருக்கு நேரே கையெழுத்துப் போடுகிறார். வெளியே வந்ததும், "பையன் எப்படிப் படிக்கிறானாம்?" என்று கேட்டால், "கொஞ்சம் வீக்காம். டியூஷன் வைக்கச் சொன்னாங்க" என்கிறார். ஓணப் பரீட்சை முடிந்தும் இதே பதில், கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்தும் இதே பதில். மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, வாத்துருத்தி எனத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடங்களில் எல்லாம் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

எதில் வீக்? எழுத்துக்கூட்டுவதிலா, கடன் வாங்கிக் கழிப்பதிலா, கேள்வி புரியாததாலா? இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதையே தடை செய்கிறது. பள்ளியில் கிடைக்க வேண்டியதற்குக் கூலிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

"நல்லாப் படிக்க வைங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு வருவது வேண்டுகோள்தான், இலக்கு ஆகாது. தேதியும் அளவும் இருந்தால்தான் அது இலக்கு. "கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள், பாடப்புத்தகத்தில் உள்ள ஐந்து வரி மலையாளப் பத்தியை என் மகன் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், அதற்கு வாரத்தில் எத்தனை நாள், யார் உதவுவார்?" இப்படி எழுதுங்கள். வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளரும் குழந்தைக்குப் பல நேரம் சிக்கல் கணக்கில் இல்லை. கணக்கின் கேள்விதான் புரிவதில்லை. அதே கணக்கைத் தமிழில் சொன்னால் போட்டுவிடுகிறான் என்றால், அதையும் எழுதிக் கொடுங்கள். எறணாகுளம் மாவட்டத்திலேயே, பினானிபுரம் அரசுப் பள்ளியில் 2017-இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், வேற்று மாநிலக் குழந்தைகளுக்கு அவர்கள் தாய்மொழி வழியாக மலையாளம் சொல்லிக்கொடுத்தது. நடக்காத காரியம் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

இரண்டாவது இலக்கை யாருமே எழுதுவதில்லை. அது மனசு சம்பந்தப்பட்டது. இடைவேளையில் தமிழன் என்பதைக் கேலியாக 'பாண்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காகச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளை இருக்கிறது. 'எல்லாம் போகப் போகச் சரியாயிடும்' என்று விட்டுவிடுகிறோம். சரியாகாது. சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தை பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்துன்பம் கொடுப்பதையும் தடை செய்கிறது. ஆகவே இதையும் அளந்து எழுதுங்கள்: இந்த டெர்முக்குள் பட்டப்பெயர் நிற்க வேண்டும், சாப்பிடும்போது கூட உட்கார ஒரு துணை வேண்டும், சந்தேகம் வந்தால் கை தூக்கிக் கேட்கும் தைரியம் வர வேண்டும். வாரம் ஒரு முறை டீச்சர் அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

இனி, எங்கே கொடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தாள் வகுப்பு ஆசிரியருக்கும் எச்.எம்.முக்கும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு பள்ளி சீல் வாங்குங்கள். வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது. கூட்டத்தில் பேசினால், 'மினிட்ஸில் எழுதுங்கள்' என்று கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்.எம்.சி., உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுதான். கூடுதல் ஆசிரியர், சிறப்புப் பயிற்சி, அதற்கான பணம் எல்லாம் அந்தத் திட்டத்தில்தான் கேட்கப்படும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதற்கு முன்பே திட்டம் தயாராக வேண்டும் என்பதால், டிசம்பருக்குள் உங்கள் தாள் குழுவின் கையில் இருக்கட்டும். எய்டட் பள்ளியிலும் சிறுபான்மைப் பள்ளியிலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். அங்கே கிளாஸ் பி.டி.ஏ.வையும், 2018-இல் கேரள அரசு பள்ளிதோறும் தயாரிக்கச் சொன்ன அகாடமிக் மாஸ்டர் பிளானையும் பிடித்துக்கொள்ளுங்கள். 'அதில் என் பிள்ளையின் வகுப்புக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். அலமாரியில் பூட்டி வைக்கவா அதை எழுதினார்கள்?

பள்ளி அசையவில்லையா? 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொச்சி மாநகராட்சிச் செயலாளருக்கு ஒன்றும், உங்கள் பள்ளி இருக்கும் உபஜில்லாவின் உதவிக் கல்வி அலுவலருக்கு (ஏ.இ.ஓ.) ஒன்றும் கொடுங்கள். தபால் பிரிவில் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். 'வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்' என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். அந்த ரசீதில் இருக்கும் தேதியிலிருந்துதான் மூன்று மாதத்தை எண்ண முடியும். முடிவே வரவில்லை அல்லது வந்த முடிவு சரியில்லை என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் புகாரோ மேல்முறையீடோ செய்யலாம். அடி, மிரட்டல் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். 1098-க்குப் போன் செய்யுங்கள்.

மலையாளம் எழுதத் தெரியாது என்று பின்வாங்குபவர்கள்தான் அதிகம். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு. தமிழில் எழுதிய மனுவை 'இங்கே எடுக்க மாட்டோம்' என்று தள்ளினால், அந்தப் பிரிவின் எண்ணை மனுவின் தலைப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

அடுத்த கிளாஸ் பி.டி.ஏ.வுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வரி படிப்புக்கு, இரண்டு வரி மனசுக்கு. தமிழிலேயே எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.