வலைப்பதிவுகளில் மறுமொழிப் பகுதியின் வடிவமைப்பு

வலைப்பதிவில் ஓர் இடுகைக்குக் கீழே வாசகர்கள் தம் கருத்தை எழுதுவதற்காக ஒதுக்கப்பட்ட இடம் மறுமொழிப் பகுதி எனப்படும். தமிழில் இது பின்னூட்டம், கருத்துரை என்றும் குறிப்பிடப்படுகிறது. யார் எழுதலாம், எழுதியது உடனே தோன்றுமா, எந்த வரிசையில் தோன்றும், எண்ணிக்கை எங்கே காட்டப்படும் என்பவை வெறும் தொழில்நுட்ப அமைப்புகளாகத் தோன்றலாம். ஆனால் அங்கே எவ்வகைப் பேச்சு நடக்கும் என்பதையும், இடுகையைப் பின்னாளில் படிப்பவருக்கு அந்தப் பேச்சு உதவுமா, இடைஞ்சலாகுமா என்பதையும் பெரிதும் இந்த அமைப்புகளே முடிவு செய்கின்றன. தமிழ் வலைப்பதிவுகள் சுறுசுறுப்பாக இயங்கிய ஆண்டுகளில் இதைத் தெளிவாகக் காண முடிந்தது.

எண்ணிக்கையும் திரட்டியும்

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டியது. பதிவுகளைத் தேடிச் செல்ல நேரமில்லாத வாசகர்கள் அதன் வழியாகவே வந்தனர். புதிய இடுகைகளின் பட்டியலுடன், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளுக்கெனத் தனியே ஒரு பட்டியலும் அதில் இருந்தது. சில நாள்களுக்கு முன் எழுதப்பட்ட இடுகையில் நல்ல விவாதம் நடந்துகொண்டிருந்தால் அது பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு இது பொருத்தமான ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு மறுமொழி வந்தாலே இடுகை மீண்டும் முகப்புக்கு வரும் என்பது தெரிந்ததும் எழுதும் முறை மாறியது. பத்துப் பேருக்கு ஒரே மறுமொழியில் நன்றி சொல்லக்கூடிய பதிவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இடைவெளி விட்டு நன்றி சொன்னார். இதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்ற பெயரே வழக்கில் வந்தது. செய்தவர்களும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைப் பயன்படுத்தினர். இவர் பதிவில் அவர் ஒரு மறுமொழி இட்டால், அவர் பதிவில் இவர் ஒன்று இட வேண்டும். கல்யாண வீட்டு வழக்கத்தை நினைத்து இதை 'மொய்' என்றனர். கால வரிசைப்படி அடுக்கப்படும் பெட்டியில் முதல் மறுமொழி எப்போதும் உச்சியில் நிற்கும். எனவே இடுகையைப் படிக்கும் முன்பே 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று எழுதி இடம் பிடிப்பதும், முதலில் வந்தவருக்கு வடை என்ற வேடிக்கையும் தோன்றின. வாக்களிக்கும் வசதி வந்தபின் 'த.ம. 4' என்று மட்டும் எழுதிச் செல்வோரும் இருந்தனர். தமிழ்மணத்தில் நான்காவது வாக்கு என்னுடையது என்பது அதன் பொருள்.

இவற்றில் நட்பும் விளையாட்டும் இருந்தன. புதிதாக எழுத வந்தவருக்கு அந்த ஒற்றை வரி ஊக்கமும் கொடுத்தது; அதைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. எனினும் அந்த விளையாட்டின் விலையைக் கொடுப்பவர் பின்னாளில் வரும் வாசகர். ஒரு கோயில் கல்வெட்டைப் பற்றிய இடுகைக்குத் தேடுபொறி வழியாக வரும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இடுகையில் உள்ள ஆண்டு தவறு என்று விவரம் தெரிந்த ஒருவர் முப்பத்தேழாவது மறுமொழியில் சுட்டியிருப்பார். வாழ்த்துகளையும் நன்றிகளையும் கடந்து அந்த மாணவர் அதுவரை இறங்கி வரமாட்டார். தவறான ஆண்டையே குறித்துக்கொண்டு போய்விடுவார். மறுமொழிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த இடுகை புகழ்பெற்றது. ஆனால் பயன்பட வேண்டிய ஒரு மறுமொழி அந்தக் கூட்டத்தில் புதைந்துவிட்டது.

யார் உள்ளே வரலாம்

பிளாக்கர் சேவை 2004இல் தன் சொந்த மறுமொழிப் பெட்டியை அளித்தது. பெயரில்லாதவர் உட்பட எவரும், பதிவு செய்த பயனர் மட்டும், வலைப்பதிவின் உறுப்பினர் மட்டும் என வாசலின் அளவைப் பதிவரே தேர்ந்துகொள்ளலாம். வாசலை அகலத் திறந்தால் அனானிகள் எனப்பட்ட பெயரற்றோரின் வசைகளும் வந்தன. அதைவிடப் பெரிய தொல்லை, ஒருவர் பெயரிலேயே இன்னொருவர் மறுமொழி இடுவது. காட்டப்படும் பெயரை எவரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதே இதற்கு இடம் கொடுத்தது. பெயரின் மேல் சுட்டெலியைக் கொண்டுபோய், உலாவியின் அடியில் தெரியும் சுயவிவர எண் சரியானதுதானா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. இதற்கு 'எலிக்குட்டி சோதனை' என்று பெயர். ஒருவர் சொன்னதை அவர்தான் சொன்னாரா என்று வாசகரே துப்பறிய வேண்டிய நிலை என்றால், அந்தப் பெட்டியின் வடிவமைப்பில் அடிப்படைக் குறை இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

இதனால் மட்டுறுத்தல், அதாவது பதிவர் பார்த்து அனுமதித்த பிறகே மறுமொழி வெளிவரும் முறை, பரவலாயிற்று. தமிழ்மணமும் இதை வலியுறுத்தியது. வசை குறைந்தது, ஆனால் உரையாடலின் வேகமும் குறைந்தது. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் எழுதியது சென்னையில் இருக்கும் பதிவர் விழித்தெழும் வரை காத்திருக்கும். அதற்குள் அதே கருத்தை இன்னும் மூவர் எழுதி அனுப்பியிருப்பர். நான்கும் ஒன்றாக வெளியாகும்போது, ஒருவர் சொன்னதை மற்றவர் கவனிக்காமல் பேசியது போன்ற தோற்றம் உண்டாகும்.

தானியங்கி நிரல்களைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட எழுத்துச் சோதனை தமிழ் வாசகருக்குத் தனிச் சுமையாக இருந்தது. இகலப்பை போன்ற மென்பொருளால் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர், விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, நெளிந்து கிடக்கும் எழுத்துகளைப் படித்து உள்ளிட வேண்டும். தவறினால் மீண்டும் ஒருமுறை. இரண்டு வரி சொல்ல வந்தவர் அதோடு விட்டுவிடுவார்.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் இன்றும் எழுகிறது. தென் கொரியா அதைச் சட்டமாகவே செய்து பார்த்தது. 2007 முதல் பெரிய தளங்களில் கருத்து எழுதுவோர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டம் கருத்துரிமைக்கு முரணானது என்று நீக்கியது. நார்வே பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளமான என்ஆர்கே பீட்டா 2017இல் வேறு வழியை முயன்றது. சில கட்டுரைகளுக்குக் கருத்து எழுத விரும்புவோர், அக்கட்டுரையைப் பற்றிய எளிய கேள்விகளுக்குச் சரியான விடை அளித்தால்தான் பெட்டி திறக்கும். யார் என்று கேட்காமல், படித்தீர்களா என்று மட்டும் கேட்கும் இந்த முறையே இவற்றுள் நியாயமானதாகத் தோன்றுகிறது. 'மீ த ஃபர்ஸ்ட்டு' அங்கே எடுபட்டிருக்காது.

வரிசையும் திரையும்

கால வரிசைப் பெட்டியில் ஐந்தாவது மறுமொழிக்கான பதில் இருபதாவதாக வரும். யாருக்குச் சொல்கிறோம் என்பதைக் காட்டப் பெயருக்கு முன் '@' குறி இடும் பழக்கம் இந்தக் குறையை ஈடுசெய்தது. 2008 இறுதியில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.7 பதிப்பிலும், 2012இல் பிளாக்கரிலும், பதிலை உரிய மறுமொழிக்குக் கீழேயே காட்டும் இழை அமைப்பு வந்தது. ஒரு கிளையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாண்ட இது உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு பதிலும் சற்று உள்ளே தள்ளிக் காட்டப்படுவதால், கைப்பேசித் திரையில் நான்கைந்து நிலைகளுக்குப் பின் பத்தி மிகவும் ஒடுங்கிவிடுகிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளோடு நீள்பவை. ஒடுங்கிய பத்தியில் வரிக்கு ஒரு சொல், இரு சொல் என்றாகிப் படிக்க இயலாமல் போகும். தமிழ்ப் பதிவுகளுக்கு இரண்டு நிலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மௌனமாகப் படிப்பவர்கள்

மறுமொழி எழுதுவோர் வாசகர்களில் மிகச் சிறு பகுதியினர். அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016இல் தன் தளத்தின் கருத்துப் பகுதியை மூடியபோது இதற்கான கணக்கை வெளியிட்டது. ஒரே மாதத்தில் தளத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3.3 கோடி, பதிவான கருத்துகள் 4,91,000, அவற்றை எழுதியவர்கள் 19,400 பேர் மட்டுமே. எழுதாதவர்கள் அவற்றால் பாதிக்கப்படாமலும் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நானோ தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரை சிலருக்கு நாகரிகமான கருத்துகளோடும் சிலருக்கு வசைகளோடும் காட்டப்பட்டது. வசைகளோடு படித்தவர்களிடம், அத்தொழில்நுட்பத்தின் ஆபத்து பற்றி ஏற்கெனவே இருந்த எண்ணங்கள் மேலும் இரு துருவங்களாகப் பிரிந்தன. கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாப்புலர் சயின்ஸ் இதழ் அதே ஆண்டில் தன் தளத்தில் கருத்துப் பகுதியை மூடியபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

இரவல் பெட்டிகள்

வலைப்பதிவுச் சேவை தரும் பெட்டிக்குப் பதிலாக, டிஸ்கஸ் போன்ற வெளிச் சேவையின் பெட்டியைப் பொருத்துவதும் உண்டு. எரிதத்தை வடிகட்டுவது, பல தளங்களுக்கும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவது ஆகியவை இதன் வசதிகள். பக்கம் திறக்கத் தாமதமாவதும், வாசகரின் நடமாட்டத்தை வெளியார் அறிவதும் குறைகள். பெரும் குறை, உரையாடல் பதிவரின் கையில் இல்லாமல் போவது. 2013இல் கூகுள், பிளாக்கர் பதிவுகளில் கூகுள் பிளஸ் மறுமொழிப் பெட்டியைப் பயன்படுத்தும் வசதியைத் தந்தது. பகிர்வு பெருகும், வாசகர் கூடுவர் என்று பலர் அதற்கு மாறினர். 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அந்தப் பெட்டிகளில் இருந்த மறுமொழிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. பிழை திருத்தங்களும், ஊர்ப் பெயர் விளக்கங்களும், பதிவருக்கே தெரியாத தகவல்களும் அவற்றோடு போயின. அப்பதிவுகள் சிலவற்றில், யாரோ மறுமொழியில் சொன்னதற்காக இடுகையின் முடிவில் பதிவர் தெரிவித்த நன்றி மட்டும் இன்னும் இருக்கக்கூடும்.