கானகப் பள்ளி

கல்வி கற்றற்குரிய இடம் பள்ளிக்கூடம் என்பது யாவரும் அறிந்ததே. ஆங்கு ஆசிரியர் உண்டு; நூல் உண்டு; கரும்பலகை உண்டு; மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடியும் பாடவேளையும் உண்டு. ஆனால், சுவரும் கூரையும் இல்லாத பள்ளி ஒன்றும் உலகில் உண்டு. அப்பள்ளியிற் கடிகாரத்திற்கு இடம் இல்லை. ஆற்று மணலே ஆங்கு ஏடு. அம்மணலிற் பதிந்த விலங்குகளின் அடிச்சுவடுகளே எழுத்து. தென்னாப்பிரிக்க நாட்டில், சூலு மக்கள் வாழும் நிலப்பகுதியில், 1957ஆம் ஆண்டில் இப்பள்ளி தோன்றியது. உம்போலோசி என்னும் காடு இதன் வகுப்பறையாயிற்று. இளைஞரைச் சிறு குழுக்களாகக் காட்டிற்குள் அழைத்துச் சென்று, சில நாள் ஆங்கே தங்கச் செய்து, இயற்கையைக் கற்பிப்பதே இதன் நோக்கம்.

வெள்ளை உம்போலோசி, கருப்பு உம்போலோசி என ஆறுகள் இரண்டு அந்நாட்டில் ஓடுகின்றன. அவை ஒன்றுகூடும் இடத்திற்கு மேற்கே, இரண்டிற்கும் இடைப்பட்ட நிலமே அக்காடு. புல்வெளியும், முள்ளடர்ந்த வேலமரங்களும், ஆற்றங்கரை அத்திமரங்களும் நிறைந்தது அது. முற்காலத்தில் சூலு மன்னனாகிய சாக்கா வேட்டையாடிய களம் அஃது என்பர். 1895ஆம் ஆண்டில் அது விலங்குகளின் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. அதன் வடக்கேயுள்ள லுலுவி என்னும் காடும் அவ்வாண்டிலேயே காப்பிடமாயிற்று. இன்று இவ்விரண்டும் இணைந்து ஏறத்தாழ 960 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே காப்பகமாக விளங்குகின்றன.

இப்பள்ளியைத் தோற்றுவித்தவர் இயன் பிளேயர் என்பவர். அவர் 1927ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரிற் பிறந்தவர். 1951ஆம் ஆண்டில் பீட்டர்மாரிட்சுபர்க் நகரிலிருந்து கடற்கரை நகராகிய டர்பன் வரை ஆற்றில் படகு செலுத்தும் போட்டி ஒன்றை அவர் ஏற்படுத்தினார். எண்மர் புறப்பட்டனர், வழியிற் பாம்பு கடித்தும் தளராது, ஆறு நாளில் இலக்கை அடைந்தவர் பிளேயர் ஒருவரே. வெற்றி மகிழ்ச்சியினும் மிகுதியாக அவர் உள்ளத்தைத் தைத்தது பிறிதொன்று. தாம் கடந்துவந்த நெடிய ஆற்றின் கரைகளில் காட்டு விலங்குகளைக் காண்பது அரிதாயிருந்தது. ஒரு காலத்தில் விலங்குகள் நிறைந்திருந்த நிலம் வெறுமையாய்க் கிடந்தது. இவ்வெறுமையைக் கண்டு வருந்திய அவர், அடுத்த ஆண்டே காட்டு விலங்குகளைக் காக்கும் பணியிற் சேர்ந்தார்.

உம்போலோசியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மக்குபு இன்டொம்பேலா என்னும் சூலு முதியவர். மக்குபு 1914ஆம் ஆண்டில், சிறுவராக இருந்தபோதே, அக்காட்டின் காவற்பணியிற் புகுந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். எனினும் காட்டை எழுத்தெண்ணிப் படித்தவர். ஒரு சுவட்டைக் கண்ட அளவில், அது யாருடையது, எப்போது சென்றது என்பனவற்றை அவர் கூறுவார். பறவை எழுப்பும் ஒலியிலிருந்து புதரின் பின் மறைந்திருக்கும் விலங்கை உய்த்துணர்வார். நிறவேற்றுமைச் சட்டங்கள் அந்நாட்டைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வெள்ளையர் ஆளவும் கருப்பர் ஏவல் செய்யவும் பிறந்தவர் என்று கருதப்பட்டது. அந்நாளில் வெள்ளை அதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணிபுரிந்த சூலு முதியவரைத் தம் குருவாக ஏற்று, அதனைப் பலர் அறியச் சொல்லியும் வந்தார். கற்பவனுக்கு முதற்கண் வேண்டுவது, அறிவு யாரிடத்து இருப்பினும் அதனைப் பணிந்து பெறும் பண்பே. கானகப் பள்ளியின் முதற்பாடம் இவ்வாறு அதனைத் தோற்றுவித்தவரிடத்திலேயே தொடங்கிற்று. பின்னாளில் இருவரும் சேர்ந்து இளைஞர் பலரைக் காட்டிற்குள் அழைத்துச் சென்றனர். மக்குபு 1993ஆம் ஆண்டிலும் பிளேயர் 2014ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

இப்பயணம் நிகழும் முறை கற்றற்குரியது. உம்போலோசியின் தென்பகுதியில் சாலையும் கட்டடமும் இல்லாத நிலம் ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. வண்டிகள் அதனுள் நுழைதல் கூடாது. கால்நடையாகவே செல்லல் வேண்டும். இளைஞர் அறுவர் அல்லது எண்மர் ஒரு குழுவாவர். உணவும் போர்வையும் சமையற் கலமும் அடங்கிய சுமையை அவரவரே முதுகிற் சுமப்பர். துப்பாக்கி தாங்கிய வழிகாட்டி முன்னே நடக்க, ஏனையோர் எறும்பு நிரைபோல ஒருவர்பின் ஒருவராய்ச் செல்வர். பேச்சு அடங்கும், செவி திறக்கும். தண்ணீர் வேண்டுமாயின் ஆற்று மணலிற் குழி தோண்டி, ஊறிவரும் நீரை முகந்து கொள்வர்.

காற்று வீசும் திசையை அறிதல் இவர்கள் கற்கும் பாடங்களுள் முதன்மையானது. வழிகாட்டி ஒரு பிடி சாம்பலையோ புழுதியையோ மெல்லத் தூவி, அது பறக்கும் திசையை நோக்குவார். காண்டாமிருகத்திற்குக் கண்பார்வை மங்கல். ஆயின் மோப்பமும் செவியும் மிகக் கூரியவை. காற்று விலங்கின் பக்கமிருந்து மனிதரை நோக்கி வீசினால், அதனை நெருங்கிக் காணலாம். மாறி வீசினால் அது வெருண்டு ஓடும், அல்லது எதிர்த்துப் பாயும். அதன் முதுகில் அமர்ந்து உண்ணி கொத்தும் பறவைகள் திடீரெனக் கூச்சலிட்டு எழுந்தால், அஃது அவ்விலங்கிற்கு எச்சரிக்கை. உடனே நின்றுவிடுதல் வேண்டும். ஏறத்தகும் மரம் எது என முன்னரே நோக்கி வைத்திருத்தலும் வேண்டும். நூலிற் படித்து மறந்துவிடக்கூடிய செய்திகள், உயிரோடு பொருந்தி நிற்றலால், ஆங்கு மறக்க இயலாதனவாகின்றன.

பகலினும் இரவே சிறந்த ஆசிரியனாகும். கூடாரம் இன்றி, வானமே கூரையாக இளைஞர் உறங்குவர். நடுவே சிறு நெருப்பு எரியும். அதனருகே ஒவ்வொருவரும் முறைவைத்து, தனியே விழித்திருந்து காவல் செய்தல் வேண்டும். அந்நேரத்தில் தொலைவிற் சிங்கம் முழங்கலாம், கழுதைப்புலி ஊளையிடலாம், அருகிலுள்ள புதரில் ஏதோ நடமாடும் ஒலி கேட்கலாம். காவலிருப்பவன் பதினைந்து அல்லது பதினாறு வயதினன். ஏனையோர் யாவரும் உறக்கத்தில் உள்ளனர். அவர்களுடைய உயிர் அச்சிறுவனின் விழிப்பை நம்பியிருக்கின்றது. தன்னை நம்பிப் பிறர் உறங்குகின்றனர் என்னும் உணர்வு அவனை ஓர் இரவிற்குள் வளரச் செய்கின்றது. அச்சம் தோன்றுதல் இழிவன்று, அச்சம் தோன்றியபோதும் காவலை விட்டு நீங்காமையே வீரம் என்பதை அவன் ஆங்கு அறிகின்றான்.

இக்காடு நிலைபெற்ற வரலாறும் அவ்விளைஞருக்கு உணர்த்தப்படுகின்றது. காண்டாமிருகங்களுள் ஆப்பிரிக்காவில் வாழ்வன இருவகையின. ஒன்று கருப்பு, மற்றொன்று வெள்ளை எனப் பெயர் பெற்றன. ஆயினும் இரண்டும் சாம்பல் நிறத்தனவே. வேறுபாடு வாயில் உள்ளது. கருப்பு வகையின் மேலுதடு கூர்மையாய் வளைந்து, தழைகளைப் பற்றி உண்பதற்கு ஏற்றதாயுள்ளது. வெள்ளை வகையின் வாய் அகன்று, புல்லை மேய்வதற்கு ஏற்றதாயுள்ளது. கன்றோடு செல்லும்போது வெள்ளை வகைத் தாய் பெரும்பாலும் கன்றை முன்னே விட்டுப் பின்னே நடக்கும். கருப்பு வகைத் தாய் முன்னே செல்ல, கன்று பின்தொடரும்.

தென்னாப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டையாடுவோரால் ஏறத்தாழ அழிந்தேவிட்டது. நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின. அவை உம்போலோசிப் பகுதியில் ஒடுங்கியிருந்தன. அதன்பின் அக்காட்டிற்கே வேறோர் இடர் நேர்ந்தது. செட்சி என்னும் ஈ, கால்நடைகளைக் கொல்லும் நகானா என்னும் நோயைப் பரப்பிற்று. காட்டு விலங்குகளின் குருதியே அந்நோய்க்கு இருப்பிடம் எனக் கருதி, அவற்றைக் கொன்றொழிக்கத் துணிந்தனர். 1950ஆம் ஆண்டிற்கு முற்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒரு லட்சம் அளவிலான விலங்குகள் அப்பகுதியிற் சுடப்பட்டன. காண்டாமிருகத்திற்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. இறுதியில் ஈயை ஒழித்தது துப்பாக்கியன்று. வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்ட பூச்சிமருந்தே அதனை ஒழித்தது. காரணத்தைச் செவ்வனே ஆராயாது செய்யும் செயல் எத்துணைக் கேட்டிற்கு இடமாகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1953ஆம் ஆண்டில் பிளேயர் சிறு வானூர்தியிற் பறந்து எண்ணியபோது வெள்ளைக் காண்டாமிருகங்கள் 437 இருந்தன. காவலால் அவை பெருகின. ஆயினும் அவர் மனம் அமைதியுறவில்லை. எல்லாம் ஓரிடத்தே இருப்பின், ஒரு கொள்ளைநோய் வந்தாலும் இனம் முழுதும் அழிந்துவிடும் அன்றோ? ஆதலின் 1960களில், மயக்கமருந்து ஏற்றிய ஊசிகளைத் துப்பாக்கியால் எய்து, இரண்டு டன் எடையுள்ள அவ்விலங்குகளை உறங்கச் செய்து, பிற காடுகளுக்கும் வெளிநாட்டு விலங்குக் காட்சிச்சாலைகளுக்கும் அனுப்பினர். 1961ஆம் ஆண்டில் குரூகர் தேசியப் பூங்காவிற்கு அவை மீண்டும் வந்து சேர்ந்தன. உம்போலோசியில் எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்கள் 2012ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 21,000 ஆகப் பெருகின.

ஆயினும் போர் முடியவில்லை. காண்டாமிருகத்தின் கொம்பு, மனிதரின் நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளால் ஆயது. அதனை மருந்து என்றும் பெருமைக்குரிய பொருள் என்றும் எண்ணுவோர் ஆசிய நாடுகளிற் பெரும்பொருள் கொடுத்து மறைவாக வாங்குகின்றனர். 2014ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் திருட்டு வேட்டையாற் கொல்லப்பட்டன. இவ்விலங்கு பதினாறு மாதம் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே ஓர் இரவில் நேரும் இழப்பை ஈடுசெய்ய ஆண்டுகள் பல வேண்டும். 2021ஆம் ஆண்டின் முடிவில் வெள்ளைக் காண்டாமிருகங்களின் தொகை 16,000க்கும் கீழே இறங்கிற்று. 2023ஆம் ஆண்டில் லுலுவி, உம்போலோசிக் காட்டிலேயே முந்நூற்றுக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. இனம் காத்த தாயகமே கொலைக்களமாயிற்று. 2024ஆம் ஆண்டில், உயிரைக் காக்கும்பொருட்டு அவற்றின் கொம்புகளை நோவின்றி அறுத்து நீக்கும் பணி ஆங்குத் தொடங்கப்பெற்றது. நகம்போல் அவை மீண்டும் வளரும். ஆதலின் அப்பணியையும் மீண்டும் மீண்டும் செய்தல் வேண்டும்.

துப்பாக்கியும் வேலியும் மட்டும் காட்டைக் காக்க வல்லன அல்ல. காப்பகத்தின் எல்லையை ஒட்டி வாழும் மக்கள் அதனைத் தமதென்று கருதினாலன்றி அது நிலையாது. தொலைதூர நாடுகளிலிருந்து பொருள் செலவிட்டு வருவோர் கண்டு மகிழும் விலங்குகளை, வேலிக்கு வெளியே வாழும் சிறுவர் பலர் அருகிருந்தும் கண்டதில்லை. அவர்களுக்கு யானை என்பது பயிரை அழிக்கும் பகையாகவும், சிங்கம் என்பது ஆட்டைக் கொல்லும் கள்வனாகவுமே தோன்றும். அத்தோற்றம் பொய் என்று கூறிவிடவும் இயலாது. உழவனின் இழப்பு மெய்யான இழப்பே. எனினும் காட்டின் பயனையும் அழகையும் அறியும் உரிமை முதற்கண் அவர்தம் மக்களுக்கே உரியது.

இதனை உணர்ந்தோர் ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலும் இருந்தனர். கென்யாவில் 1968ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்களுக்கென வனவிலங்குக் கழகங்கள் தோன்றின. அந்நாட்டுச் சிறுவரைத் தம் நாட்டுப் பூங்காக்களுக்கே அழைத்துச் சென்று காட்டும் பணியை அவை மேற்கொண்டன. தான்சானியாவில், மனிதக் குரங்குகளை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையார், 1991ஆம் ஆண்டில் பள்ளி மாணவர் சிலரோடு சேர்ந்து ‘வேர்களும் தளிர்களும்’ என்னும் பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார். அது பின்னர்ப் பல நாடுகளிற் பரவிற்று. கானகப் பயணங்கள் பலவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: அறியாத ஒன்றினிடத்து அன்பு தோன்றாது, அன்பில்லாத இடத்துக் காவலும் நில்லாது.

உம்போலோசியில் இறுதி நாட் காலையில் இளைஞர் செய்யும் செயல் ஒன்று உண்டு. எரிந்த நெருப்பின் சாம்பலை ஆறவைத்துப் புதைப்பர். அடுப்பிற்கு எடுத்த கற்களை எடுத்த இடத்திலேயே வைப்பர். ஒரு துண்டுக் காகிதமும் எஞ்சாதபடி தேடி எடுத்துக் கொள்வர். தாம் தங்கியிருந்த அடையாளம் ஒன்றேனும் இல்லாதபடி அவ்விடத்தை விட்டு நீங்குவர். ஆற்று மணலில் அவர்தம் அடிச்சுவடுகள் மட்டும் சில நாள் இருக்கும். அடுத்த வெள்ளம் அவற்றையும் துடைத்துவிடும். அவ்வெள்ளம் வடிந்தபின், ஈர மணலிற் காண்டாமிருகத்தின் முக்குளம்புச் சுவடு மீண்டும் பதிதல் வேண்டும் என்பதே அவ்விளைஞரின் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறுதல் அவர்கள் கையிலும் உள்ளது.