சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு சுமார் 15,350 கி.மீ. ஆகும். இவை ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ளதால், அந்தக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. சுவர் வரைபடத்தில் இது புலப்படாது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் விமானங்கள் பெரும்பாலும் இப்பாதையில் செல்வதில்லை. உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றைத் துணையாகக் கொண்டு, நியூயார்க்கிற்குப் பசிபிக் வழியாகவும், திரும்புகையில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் பறக்கின்றன. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு. போய் வருபவர் உலகையே சுற்றிவிடுகிறார்! தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். பயணம் சுமார் 18 முதல் 19 மணி நேரம்.

இந்த இடைநில்லாச் சேவையை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கியது. எடையைக் குறைக்க ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண வகுப்பு கிடையாது.

கோடையில் நியூயார்க் நேரம் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். எனவே சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18½ மணி நேரம் பறந்தவர், அதே தேதியில் காலை 6.30-க்கு இறங்குவார். குளிர்காலத்தில் இவ்வேறுபாடு 13 மணி நேரம்.