திரும்பிப் போகும் தட்டு

படுக்கையும் பத்தியமும் - 9

சென்ற வாரம் மருத்துவமனைச் சமையலறையைப் பார்த்தோம். புரதம், கலோரி எல்லாம் கணக்குப் பார்த்துச் சமைத்து, வண்டியில் ஏற்றி வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பிய சாப்பாடு நோயாளியின் வயிற்றுக்குள் போனதா?

இந்தக் கேள்விக்கு உலுக்கியெடுக்கும் விடை சொன்ன ஆய்வு, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கார்டிஃப் நகரத்தில் நடந்தது; 2006இல் வெளியானது. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட வயதான பெண்கள் 318 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். வார்டும் சமையலறையும் இரு பிரிவுக்கும் பொதுவானவை. ஒரு பிரிவுக்கு மட்டும், வழக்கமான கவனிப்போடு, உணவியல் உதவியாளர் ஒருவரின் துணை கிடைத்தது. அவர் புது மருந்து எதுவும் தரவில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். நிமிர்ந்து உட்கார வைத்தார். தட்டைக் கைக்கெட்டும்படி நகர்த்தினார். நடுவில் கொறிக்க ஏதாவது வரவழைத்தார். முடியாதவர்களுக்கு ஊட்டினார்.

வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் ஒரு நாளில் சராசரியாகச் சாப்பிட்டது 756 கலோரி. துணை கிடைத்தவர்கள் 1,105. எலும்பு முறிந்து அறுவை சிகிச்சையும் முடிந்த உடம்புக்கு அந்த 1,105கூடப் போதாது. ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் உயிர்கள் இருந்தன. துணையில்லாத பிரிவில் 10.1 சதவீதம் பேர் வார்டிலேயே இறந்தார்கள். துணை கிடைத்த பிரிவில் 4.1 சதவீதம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்கள் 22.9 சதவீதமும் 13.1 சதவீதமும்.

ஒரே ஊரில் நடந்த, அளவில் சிறிய ஆய்வுதான். வார்டு மரணக் கணக்கு புள்ளியியல் வரம்பை மயிரிழையில்தான் தாண்டுகிறது. ஆனால் 2019இல் சுவிட்சர்லாந்தின் 8 மருத்துவமனைகளில், சத்துக்குறைவு அபாயம் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உணவுத் திட்டம் போட்டுக் கவனித்த பிரிவில் 30 நாளில் இறந்தவர்கள் 7 சதவீதம். வழக்கமான சாப்பாடு பெற்ற பிரிவில் 10 சதவீதம்.

வார்டுக்கு வந்த சாப்பாடு ஏன் வயிற்றுக்குப் போவதில்லை? காரணங்கள் மிகச் சிறியவை. பல்செட் அலமாரியில் கிடக்கும். மூட்டுவலி உள்ள விரல்களால் மூடியின் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க முடியாது. படுத்திருப்பவருக்குத் தட்டில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. சாப்பிடும் நேரம் பார்த்து ஸ்கேனுக்கு அழைத்துப் போவார்கள். காலையிலிருந்து பட்டினி போட்ட அறுவை சிகிச்சையைச் சாயங்காலம் ‘நாளைக்கு’ என்று தள்ளிவைப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தட்டை எடுத்துப் போகிறவர் உணவுப் பிரிவு ஊழியர். அவர் கேஸ் ஷீட்டைப் பார்ப்பதில்லை. கேஸ் ஷீட்டில் எழுதுகிற நர்ஸோ திரும்பிப் போகும் தட்டைப் பார்ப்பதில்லை. காய்ச்சல் 100 ஆனாலே குறித்துவைக்கிறோம். மூன்று வேளையும் தட்டு நிறைந்தபடியே திரும்பினால் அதை எழுத ஒரு கட்டம்கூடப் பல இடங்களில் கிடையாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 500 பேரில் 200 பேர் சேரும்போதே சத்துக்குறைவோடு இருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் குறைவானவர்களின் குறிப்பேட்டில்தான் சாப்பாடு, ஊட்டம் பற்றி ஏதாவது எழுதியிருந்தது. வீடு திரும்பும்போது மறுபடி பரிசோதிக்கப்பட்டவர்கள் சராசரியாக 5.4 சதவீதம் எடை இழந்திருந்தார்கள்.

பிரிட்டன் இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஊட்டிவிட ஆள் வேண்டியவர்களுக்குச் சிவப்புத் தட்டு வந்தது. சாப்பாட்டு வேளையில் டாக்டர் ரவுண்ட்ஸ் கூடாது என்ற விதி 2004 வாக்கில் பரவியது. நல்ல விதிதான். ஆனால் பல வார்டுகளில் அது பார்வையாளர்களையும் வெளியே நிறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருக்கக்கூடிய மகள் வராந்தாவில் காத்திருந்தாள். வார்டை அமைதியாக்கினால் மட்டும் நோயாளி கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவதில்லை என்றே பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்லின. கார்டிஃபில் பலன் தந்தது பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததுதான். அந்த ஆளுக்கான சம்பளத்தை மருத்துவமனைகள் மருந்துச் செலவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊரில் துணைக்கு ஒருவர் இருப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போனால், விதி அனுமதிக்கும்வரை, சாப்பாட்டு வேளையில் போங்கள். விழுங்குவதில் சிரமம் உண்டா, வாய்வழி எதுவும் தரக்கூடாதா என்று முதலில் நர்ஸிடம் கேளுங்கள். பல்செட்டும் கண்ணாடியும் கைக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தட்டில் மிச்சம் எவ்வளவு என்பதை நர்ஸிடம் சொல்லி, குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.