கேஸ் கால்குலேட்டர் வாங்குமுன்

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போய்விட்டார்கள். பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவன் மட்டும் கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதியம் கீழ் ஹாலில் நடக்கும் படிப்புக் குழுவைக் கவனித்துக்கொள்பவர்கள் நாங்கள் மூன்று பேர்: இரண்டு நர்சுகள், ஒரு பொறியாளர். "வடை தீர்ந்துவிடும் தம்பி, எழுந்து வா" என்றோம். அவன் எழவில்லை. "அக்கா, என் கால்குலேட்டர் தப்பான கால்குலேட்டர். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை" என்றான்.

விஷயம் இதுதான். பள்ளிப் புத்தகப் பட்டியலில் "கேஸ் கால்குலேட்டர்" என்று இருந்திருக்கிறது. கடையில் புதிதாக வாங்கினால் 250 டாலருக்கு மேல் போகும். அப்பா இரவு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் தேடி, இணையத்தில் யாரோ விற்ற பழைய கிராபிங் கால்குலேட்டர் ஒன்றை 130 டாலருக்கு வாங்கிவந்தார். கெட்டியான உறையும் சேர்த்து. பிறகு நாங்கள் அவரிடம் பேசியபோது, "பட்டியலில் கேஸ் என்று போட்டிருந்ததே, கேஸோடுதானே சிஸ்டர் வாங்கினேன்?" என்றார். எங்களுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம். (அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுத்தான்.)

சி, ஏ, எஸ் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்துப் பிள்ளைகள் "கேஸ்" என்கிறார்கள். உறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமையல் கேஸுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் அல்ஜிப்ரா சிஸ்டம் என்பதன் சுருக்கம். எழுத்துக்களை எழுத்துக்களாகவே வைத்து இயற்கணிதம் செய்யும் திறன் அது.

கிராபிங் கால்குலேட்டர் என்பது முதலில் வந்தது. 1985-ல் காசியோ நிறுவனம் எஃப்எக்ஸ்-7000ஜி என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடையில் வாங்கக் கிடைத்த முதல் கிராபிங் கால்குலேட்டர் அதுதான். 1990-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81 என்ற தன் முதல் மாதிரியைக் கொண்டுவந்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் கோடு வரையும். கோடு அச்சை எங்கே வெட்டுகிறது, இரண்டு கோடுகள் எங்கே சந்திக்கின்றன, எங்கே உச்சம், எங்கே பள்ளம் என்று சொல்லும். எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் தரும். ஆனால் அது எண்களில்தான் பேசும். எக்ஸ் வர்க்கம் 2 என்றால் எக்ஸ் என்ன என்று கேட்டால் 1.414 என்று சொல்லும்.

கேஸ் உள்ள கருவியிடம் அதையே கேளுங்கள்: கழித்தல் √2 அல்லது √2 என்று இரண்டு விடையும் துல்லியமாக வரும். அடைப்புக்குள் எக்ஸ் கூட்டல் 3, எக்ஸ் கழித்தல் 5 இரண்டையும் பெருக்கச் சொன்னால் விரித்து எழுதும்; விரித்ததைக் கொடுத்தால் திரும்பக் காரணிப்படுத்தும். வகையீடு, தொகையீடு எல்லாம் சூத்திரமாகவே வரும். மற்றதில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எவ்வளவு என்ற எண் மட்டுமே வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் II என்று ஒன்று; டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் II கேஸ் என்று இன்னொன்று. அந்தக் கடைசி மூன்று எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பழையது வாங்குகிறவர்கள் விற்பவரிடம் முன்பக்கப் படம் கேட்டு, அந்த மூன்று எழுத்தையும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இங்கே விக்டோரியாவில் வி.சி.இ. மெத்தட்ஸ் பாடத்துக்குக் கடைசியில் இரண்டு தேர்வு. முதலாவது ஒரு மணி நேரம், 40 மதிப்பெண். கால்குலேட்டரும் கிடையாது, குறிப்பும் கிடையாது. இரண்டாவது இரண்டு மணி நேரம், 80 மதிப்பெண்; அங்கீகரித்த கேஸ் கருவியும், கட்டிய குறிப்புப் புத்தகம் ஒன்றும் கொண்டுபோகலாம். கருவியின் நினைவை அழிக்க வேண்டியதும் இல்லை. ஸ்பெஷலிஸ்ட் பாடத்துக்கும் இதே அமைப்பு. ஜெனரல் பாடத்தில் இரண்டு தேர்விலும் அனுமதி உண்டு. ஆனால் இயற்பியல், வேதியியல் தேர்வுக்குள் கேஸ் போகக் கூடாது. அதற்குச் சாதாரண சயின்டிபிக் கால்குலேட்டர் தனியாக வேண்டும். அதை ஜனவரியிலேயே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். அக்டோபரில் புதுக் கருவியில் பித்தானைத் தேடுவது வீண் வேலை.

ஊர் மாறினால் விதியும் மாறும். சிட்னியில் எச்.எஸ்.சி. அட்வான்ஸ்ட் கணிதம் எழுதும் உங்கள் அத்தை பிள்ளைகள் சயின்டிபிக் கால்குலேட்டரோடுதான் தேர்வுக்குப் போகிறார்கள். சிங்கப்பூரில் ஏ லெவல் எச்2 கணிதத்துக்கு கிராபிங் கால்குலேட்டர் வேண்டும், ஆனால் அதில் கேஸ் இருக்கக் கூடாது. அங்கிருந்து நம் சபைக்கு வந்த ஒரு குடும்பம் நல்ல டிஐ-84 பிளஸ் ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்தது. அங்கே சரியானது இங்கே உதவவில்லை.

தம்பியின் கதைக்கு வருவோம். முதல் பருவம் முழுவதும் அவன் வகுப்பில் சமாளித்திருக்கிறான். மற்றவர்கள் ஒரு வரியில் தீர்த்த கணக்கை இவன் கையால் போட்டு, நேரம் போதாமல் பாதியில் தாளைக் கொடுத்திருக்கிறான். மதிப்பெண் குறைந்தது. மெத்தட்ஸை விட்டுவிட்டு ஜெனரலுக்குப் போகலாமே என்ற பேச்சு வந்துவிட்டது. ஜெனரல் ஒன்றும் தாழ்ந்த பாடமில்லை. ஆனால் பொறியியலுக்குப் பல பல்கலைக்கழகங்கள் மெத்தட்ஸ் கேட்கின்றன; அவனுக்கு ஆசை அதில்தான். காரணத்தை ஆசிரியரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. "அப்பா இரண்டு நாள் ஓவர்டைம் செய்து வாங்கினது, அக்கா" என்றான்.

அந்த வாரமே, முந்தின ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தங்கையின் கேஸ் கருவி அவன் கைக்கு வந்தது. அவள் வீட்டில் மேசை இழுப்பறையில் நவம்பரிலிருந்து தூங்கிக்கொண்டிருந்ததாம்.

கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு கணக்குக் கொடுத்தோம். எங்கள் தொழில் புத்தி, மருந்துக் கணக்கு. ஒரு மருந்து இரத்தத்தில் 20 அளவு இருக்கிறது, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள். எப்போது 3 ஆகக் குறையும்? சமன்பாட்டைச் சரியாகத்தான் போட்டான். திரையில் வலது மூலையில் வால் மாதிரி ஒரு துண்டுக் கோடு மட்டும் வந்தது. "உடைந்திருக்கிறது அக்கா" என்றான்.

உடையவில்லை. ஜன்னல் சரியில்லை. கால்குலேட்டர் திரை என்பது ஒரு ஜன்னல். எங்கிருந்து எங்கே வரை பார்க்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கருவி தானாக வைத்துக்கொள்வது குறுக்கே கழித்தல் 10 முதல் 10 வரை. மேலே 7-ஐக்கூடத் தொடாது. இந்த மருந்து 20-ல் தொடங்குகிறது, பிறகு எப்படித் தெரியும்? குறுக்கே 0 முதல் 24 மணி, மேலே 0 முதல் 22 என்று மாற்றச் சொன்னோம். முழு வளைவும் வந்தது: 4 மணியில் 10, 8 மணியில் 5, 12 மணியில் இரண்டரை. 3 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கேட்டால் 10.95 என்றது. பதினோரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 8 மணியில் 5, 12 மணியில் இரண்டரை என்றால் 3 வருவது இடையில் எங்கோ, 12-க்குப் பக்கத்தில் என்று பித்தானைத் தொடாமலே தெரியும். அதைத்தான் முதலில் சொல்லச் சொன்னோம்.

இதில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதம். வார்டில் 100 மில்லி ஆன்டிபயாட்டிக் திரவம் அரை மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் மணிக்கு எத்தனை மில்லி என்று போட வேண்டும்? 100-ஐ 0.5-ஆல் வகுத்தால் 200. அவசரத்தில் பெருக்கிவிட்டால் 50. கருவி இரண்டையும் ஒரே தைரியத்தோடு காட்டும். அரை மணியில் 100 போக வேண்டுமானால் ஒரு மணிக்கு 100-ஐவிட அதிகமாகத்தானே இருக்க வேண்டும் என்ற நினைப்பு மனதில் இருந்தால் 50-ஐப் பார்த்ததும் கை நின்றுவிடும். இன்சுலின் போன்ற மருந்துக்கு இரண்டாவது நர்ஸ் ஒருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் இதனால்தான். தேர்வு அறையில் உங்களுக்கு இரண்டாவது நர்ஸ் இல்லை.

படிப்புக் குழுவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இன்னும் சில. சைன் 30-ஐ அழுத்தினால் 0.5 வர வேண்டியவர்களுக்குக் கழித்தல் 0.988 வருகிறது என்றால் கருவி ரேடியனில் இருக்கிறது. மெத்தட்ஸில் பெரும்பாலும் ரேடியன், முக்கோணக் கணக்கில் டிகிரி. மாற்ற மறந்து ஒரு பக்கம் முழுவதையும் தப்பாக எழுதிய பிள்ளைகள் உண்டு. கழித்தல் குறிக்கு டிஐ கருவியில் இரண்டு பித்தான்: ஒன்று கழிப்பதற்கு, ஒன்று எதிர்ம எண்ணுக்கு. வெற்று வரியில் முதலாவதை அழுத்தினால் முந்தின விடையிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடும். கழித்தல் 3-ன் வர்க்கம் வேண்டுமென்றால் அடைப்புக்குறி போடுங்கள். போடாவிட்டால் கழித்தல் 9 வரும். அது கருவியின் பிழையல்ல, கணித விதியே அப்படித்தான்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: ஆசிரியர் வகுப்பில் எதைக் காட்டுகிறாரோ அதை. டிஐ-என்ஸ்பயர் கேஸ் கருவியும் காசியோ கிளாஸ்பேடும் இரண்டும் நல்லவை. கிளாஸ்பேடில் திரை பெரிது, எழுதுகோலால் தொட்டு வேலை செய்யலாம். நான்கு சிறிய ட்ரிபிள்-ஏ பேட்டரி போடுவது. என்ஸ்பயரில் சார்ஜ் செய்யும் பேட்டரி. அதன் கேபிள் மினி யுஎஸ்பி, இன்றைய போன் கேபிள் பொருந்தாது. நல்ல கருவி என்றாலும் வகுப்பில் எல்லாரும் ஒன்றை வைத்திருக்க, உங்கள் பிள்ளை மட்டும் வேறொன்றில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் பழக டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டும் இலவசம். ஜன்னல் என்றால் என்ன என்று விளங்க இவற்றைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது. போனைத் தேர்வுக்குள் கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே கேஸ் வாங்கி வைக்க வேண்டாம், பள்ளி கேட்டாலொழிய. கையால் காரணிப்படுத்தப் பழக வேண்டிய வயது அது. முதல் தேர்வின் 40 மதிப்பெண் அங்கேதான் தயாராகிறது.

தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மெத்தட்ஸ்தான். அவனுடைய அப்பா வாங்கிய கருவியும் சும்மா கிடக்கவில்லை. அதில் அவன் தங்கை கோடு போட்டு விளையாடுகிறாள் என்று அம்மா சொன்னார்கள். அப்பாவிடம் நாங்கள் பேசியபோது அவர் கோபப்படவில்லை. "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அதற்குப் பிறகு கீழ் ஹால் அலமாரியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். இப்போது ஐந்து கேஸ் கருவிகள் இருக்கின்றன: மூன்று என்ஸ்பயர், இரண்டு கிளாஸ்பேட். ஒன்றுக்கு எழுதுகோல் காணவில்லை. ஜனவரி முதல் நவம்பர் வரை இரவல். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம். இந்த நவம்பரில் தேர்வு முடிக்கும் அண்ணன்மார், அக்காமார் உங்கள் கருவியைக் கொண்டுவந்து கொடுங்கள். கேபிளையும் மறக்காமல். கிளாஸ்பேட் கொடுப்பவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். சென்ற முறை ஒன்று உள்ளேயே கசிந்து, சுத்தம் செய்ய எங்களுக்கு ஒரு மதியம் போனது.